நீல வளையக் கோழிகள்

விக்கிரமங்கலத்தில் கொல்லையில் கோழி வைத்துக்கொண்டு கடையில் முட்டை வாங்கித் தின்ற ஒரே குடும்பம் நடராசன் குடும்பம்தான். அவர் சம்சாரம் பாப்பாத்தி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போய் வெள்ளை முட்டை வாங்கி வருவதைப் பார்த்து, "என்னா பாப்பாத்தி, உன் கோழியெல்லாம் வேலைக்குப் போவுதா?" என்று தெருவில் கேட்டார்கள். "ஆமா, பெரம்பலூரு காலேசுல வேலை செய்யுது" என்பாள் அவள். கேட்டவர்கள் அதைக் கிண்டலுக்குப் பதில் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

கோழிகள் கொல்லையை விட்டு அசையவில்லை, முட்டைகள்தான் போயின. மருமகள் வினோதினி தினமும் விடிந்ததும் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து, பென்சிலால் அடையாளம் போட்டு, உமி நிரப்பிய எவர்சில்வர் தூக்கில் புதைத்து, முதல் பஸ்ஸில் அரியலூர் போவாள். அங்கே பஸ் மாறிப் பெரம்பலூர். வழியெல்லாம் சிமென்ட் லாரிகள் போட்டு வைத்த பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கை மடியிலிருந்து ஒரு சாண் உயர்த்திப் பிடிப்பாள். கண்டக்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"உள்ள என்னங்க இருக்கு?"

"முட்டை."

"அவிச்சதா?"

"இல்லைங்க. ஆராய்ச்சி முட்டை."

அன்றிலிருந்து, குலுக்கல் குறைவாக இருக்கும் முன்பக்கத்து சீட்டு ஒன்றை அவளுக்கென்று பிடித்து வைக்க ஆரம்பித்தார். முட்டைக்கு இருந்த மரியாதை அப்படி.

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் வயிற்றெரிச்சல் புரியாது. கொரோனா வைரஸின் உடம்பைக் கட்டியிருக்கும் புரதங்கள் நான்கு. ஸ்பைக் என்று ஒன்று வெளியே முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் எல்லா போட்டோவிலும் முன்னால் வந்து நிற்கிற சித்தப்பா மாதிரி, டிவியில் வந்ததெல்லாம் அதன் படம்தான். மெம்பிரேன், என்வலப் என்று இரண்டு, சுவரும் பூச்சுமாக இருப்பவை. நாலாவதற்கு நியூக்ளியோகேப்சிட் என்று பெயர். அது உள்ளேயே கிடந்து வைரஸின் மரபுச் சரட்டைச் சுருட்டிக் கட்டிக் காக்கும். வாசலுக்கு வராது, ஸ்பைக்கைப் போல அடிக்கடி வேஷமும் மாற்றாது. வினோதினிக்குப் பிடித்தது இந்த நாலாவதுதான். மூன்று வருஷமாக அதன் பின்னாலேயே அலைகிறாள்.

அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி ஒன்று கையில் இருந்தால், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். வழக்கமாக முயலுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்துச் செய்வார்கள். கோழியிடம் ரத்தம்கூட வேண்டாம். ஊசி போட்டுவிட்டால், பிறக்கப்போகும் குஞ்சுக்குச் சீர் அனுப்புவதுபோல, கோழியே அந்த ஆன்டிபாடியை மஞ்சள்கருவுக்குள் வைத்து அனுப்பிவிடும். உடைத்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் நம் வேலை.

கல்லூரியின் விலங்குக் கூடத்தில் முயலுக்கும் எலிக்கும் மட்டுமே இடம் இருந்தது. அதனால் அனுமதி கொடுக்கும் குழு விக்கிரமங்கலத்துக்கே வந்து, கொல்லையைச் சுற்றிப் பார்த்து, பாப்பாத்தி சுட்ட அதிரசத்தைத் தின்றுவிட்டு, கம்பிவலை போட்ட இரண்டு அடைப்புகளுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு அடைப்பில் மூன்று கோழிகள், காலில் சிவப்பு வளையம். அவற்றுக்குப் புரத ஊசி. பக்கத்து அடைப்பில் மூன்று, நீல வளையம். அவற்றுக்குப் புரதம் இல்லாத வெறும் ஊசி. சிவப்பு வளையத்தின் முட்டை அந்தப் புரதத்தைப் பிடிக்க வேண்டும். நீல வளையத்தின் முட்டை பிடிக்கவே கூடாது. நீலம் சும்மா இருந்தால்தான், சிவப்பு பிடித்தது ஊசியால்தான் என்று உலகம் ஒத்துக்கொள்ளும்.

ஊசியில் வைரஸ் இல்லை, லேபில் செய்த ஒற்றைப் புரதம் மட்டும்தான் என்று வினோதினி தெருவுக்கே பாடம் எடுத்திருந்தாள். ஆனாலும் கோழிக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் மாஸ்க் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் போனவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். டாக்டருக்கு அன்றைக்கு வெறும் சளி.

மாமனார் நடராசனுக்கு இந்தப் புரதத்திலெல்லாம் அக்கறையில்லை. அவருக்கு மருமகளோடு வேறு ஒரு வழக்கு பாக்கி இருந்தது. வயலில் போர்வெல் போட்டபோது கிடைத்த ஒரு உருண்டைக் கல்லை அவர் டைனோசர் முட்டை என்று டிவி ஸ்டாண்டில் வைத்திருந்தார். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, வழவழப்பு, ஒரு பக்கம் கூம்பல். கல்யாணமாகி வந்த புதிதில் அதை மருமகள் கையில் கொடுத்து, "நீ படிச்ச புள்ள. பாத்துச் சொல்லு" என்றார். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு மாமா" என்றாள். ஊரில் கல்லைக் கல் என்று சொல்ல யாருக்கும் அதுவரை தைரியம் வந்ததில்லை. அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசுவதெல்லாம் டிவி ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டுதான்.

ஐப்பசி மழையில் வந்தது வினை. நீல வளையக் கோழிகள் மூன்றும் இறகை உதிர்த்துவிட்டு, முட்டை போடுவதை நிறுத்தின. சிவப்பு வளையங்கள் குறை வைக்கவில்லை. பக்கத்தில் நீலக் கூடை வெறுமையாகக் கிடந்தது. ஒரு சாயங்காலம் வினோதினி அடைப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"இதுங்க முட்டை வெக்கலன்னா என் படிப்பு அவ்வளவுதான் அத்தை."

பாப்பாத்தி மருமகள் தலையில் ஒட்டியிருந்த ஒரு இறகை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரமே நீலக் கூடையில் முட்டை வந்துவிட்டது. தினமும் ஒன்று, தவறாமல். "உங்க கைராசி அத்தை" என்று வினோதினி குதித்தபோது, பாப்பாத்தி உலைப்பானைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னமோ போ" என்றாள்.

மார்கழியும் தையும் முழுக்க முட்டைகள் பெரம்பலூர் போயின. ஒவ்வொரு மஞ்சள்கருவிலிருந்தும் ஆன்டிபாடியைப் பிரித்துத் தனித்தனிக் குழாயில் குளிர்பெட்டியில் வைத்தாள். மாசி பிறந்ததும் பரீட்சை. புரதத்தை ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றி, தாளில் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் பால்பவுடர் கரைசலில் ஊறவைத்து, ஒரு துண்டுக்குச் சிவப்பு முட்டைகளின் கலவையையும் இன்னொரு துண்டுக்கு நீல முட்டைகளின் கலவையையும் ஊற்றினாள். கோழி ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். சிவப்புத் துண்டில் விழுந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனவள், நீலத் துண்டையும் பார்த்தாள். அதிலும் கோடு. கொஞ்சம் மங்கல். ஆனால் கோடு கோடுதான்.

அவளுடைய கைடு பேராசிரியர் கிருஷ்ணமூர்த்தி பாடாலூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் கெட்ட செய்தியைச் சிரித்த முகத்தோடு சொல்கிற வழக்கம் உள்ளவர்.

"ஏம்மா, பாடமே நடத்தாத கோழி எப்படிம்மா பாஸ் பண்ணுச்சு?"

"தெரியல சார்."

"கோழிக்குன்னே தனியா ஒரு கொரோனா இருக்கு. மூச்சுக்குழாய்ல வரும். ஊர்க்கோழிக்கு அது வந்து போயிருக்கலாம். அதோட ஆன்டிபாடி இங்க வந்து ஒட்டியிருந்தாலும் ஒட்டியிருக்கும். இல்லைன்னா முட்டை மாறிப் போயிருக்கணும். வீட்ல யாராவது எடுக்கறாங்களா, கேளு." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "மாசிக் கடைசி வெள்ளிக்கிழமை கமிட்டி. திருச்சியிலேர்ந்து மேடம் வராங்க. அன்னைக்கு நீலம் சுத்தமா வரணும். வரலைன்னா கோழிய விட்டுட்டு வேற தலைப்புதான். மறுபடி மொதல்லேர்ந்து."

மறுபடி முதலிலிருந்து என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இன்னும் மூன்று வருஷம் அரியலூர் பஸ். சிமென்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கிற புருஷன் சரத்குமார் ஒன்றும் சொல்லமாட்டான். அவளுக்கேதான் தெம்பு இருக்காது.

அன்று சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள். "அத்தை, அடைப்புலேர்ந்து யாராச்சும் முட்டை எடுத்தீங்களா?"

பாப்பாத்தி கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டாள். "எடுத்தனா? ஆறு மாசமா கடை முட்டை தின்னு நாக்கு செத்துப் போச்சு. நாத்தனா வந்தப்பகூடக் கடை முட்டையிலதான் ஆம்லேட்டு போட்டுக் குடுத்தேன், அவ ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சா. அந்த அடைப்புலேர்ந்து ஒரு முட்டைய வூட்டுக்குள்ள கொண்டாந்திருந்தா மாரியாத்தா என்னைக் கேக்கட்டும்."

நடராசன் டிவி ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு, "இந்த வூட்ல யார் சொன்னாலும் நம்பிக்கை கெடையாது" என்றார்.

வினோதினிக்கு மாரியாத்தாளை இழுத்த பிறகு சந்தேகப்பட்டது பாவம் என்று இருந்தது.

மறுநாள் லேபில், கலந்து ஊற்றாமல் நீல முட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வேலை பல மடங்கு. ஆனால் தாள் காய்ந்ததும் முட்டைகளின் தேதியோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். மழைக்கு முந்திய நீல முட்டைகள் எல்லாம் வெறுமை. மழைக்குப் பிந்தியவற்றில் சில கறுகறுவென்று, அசல் சிவப்பு முட்டை போல. சில துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. நடுத்தரமாக ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை முட்டை ஒன்றும் அறியாதது, செவ்வாய்க்கிழமை முட்டை எல்லாம் அறிந்தது, புதன்கிழமை மறுபடி ஒன்றும் அறியாதது. காய்ச்சல் வந்த கோழிக்கு ஆன்டிபாடி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இப்படி நாளொரு பக்கம் தாவாது.

ஆன்டிபாடி பொய் சொல்லவில்லை, முட்டைதான் மாறியிருக்கிறது. அவளுக்கு ஒரே நேரத்தில் ஆடவும் தோன்றியது, யாரையாவது அடிக்கவும் தோன்றியது.

அடுத்த நாள் வழக்கம்போல் தூக்கோடு பஸ் ஏறினாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வாய்க்கால் வரப்பு வழியாகத் திரும்பி நடந்து, கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். எறும்பு கடித்தது. வெயில் ஏறியது. பிஎச்.டி. படிப்பில் இந்த வேலையெல்லாம் இருக்கிறதென்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் முதுகுப் பக்கம் காலடி கேட்டது. திரும்பினால் மாமனார், வாயில் பற்ற வைக்காத பீடியோடு. பீடியை விட்டுவிட்டதாக அவர் பாப்பாத்தியிடம் சத்தியம் செய்து இரண்டு பொங்கல் ஆகியிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் இங்க வரல," என்றார் நடராசன் தணிந்த குரலில்.

"நானும் பஸ்ஸுல போயிட்டேன் மாமா."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கல் விவகாரத்துக்குப் பிறகு அவர்கள் இவ்வளவு அருகில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பாப்பாத்தி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். இரண்டு அடைப்புக்கும் தண்ணீர் வைத்தாள், தீனி போட்டாள். நீலக் கூடையை எட்டிப் பார்த்தாள். காலையில் வினோதினி துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்ததால் அது வெறுமையாக இருந்தது. பாப்பாத்தி உச்சுக்கொட்டினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சிவப்புக் கூடையிலிருந்து சூடு ஆறாத முட்டை ஒன்றை எடுத்து, முந்தானையால் துடைத்து, நீலக் கூடையில் பூப்போல வைத்தாள்.

"வந்து ஒக்காருங்கடி," என்றாள் நீலக் கோழிகளிடம். "அந்தப் புள்ள வயித்தெரிச்சலை வாங்கிக் கட்டிக்காதீங்க."

வினோதினி தலையெல்லாம் வைக்கோலோடு எழுந்து நின்றாள்.

"அத்தை."

பாப்பாத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பஸ்ஸு வரலியா?"

"யாரும் முட்டை எடுக்கலன்னு மாரியாத்தா மேல ஆணையிட்டீங்களே."

"எடுத்தனா? நல்லா இருக்கே கதை. இந்தக் கூடையிலேர்ந்து அந்தக் கூடையில வெச்சேன். வூட்டுக்குள்ள கொண்டு போனனா? நீ எடுத்தியான்னுதானே கேட்ட, வெச்சியான்னு கேட்டியா?"

"எதுக்கு வெச்சீங்க?"

"கூடையில ஒரு முட்டை கெடந்தாத்தான கோழி வந்து முட்டையிடும்? உனக்குத் தெரியாதா? நீ பாட்டுக்கு தெனமும் வழிச்சு எடுத்துட்டுப் போயிடற. வெறுங்கூடையைப் பாத்தா அதுங்களுக்கு எப்படி மனசு வரும்? அதான் அதுங்க வெக்காத அன்னிக்கு நான் ஒண்ணை வெப்பேன். மறுநாள் அதையும் வழிச்சிட்டுப் போயிடுவ. நான் மறுபடி வெப்பேன்."

வினோதினிக்கும் அது தெரியும்தான். பெரம்பலூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டிலும் கூட்டில் ஒரு முட்டையை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். ஆனால் அவள் பின்பற்றிய முறையில் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும் என்று இருந்தது. ஆக, நாலு மாசமாக மருமகள் காலையில் கூடையைக் காலி செய்ய, மாமியார் மத்தியானம் நிரப்ப, இடையில் அகப்பட்ட கொரோனா புரதம் யாரை நம்புவதென்று தெரியாமல் முழித்திருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அத்தை?"

"நீ அழுதியே," என்றாள் பாப்பாத்தி. "நீ அழுதா எனக்கு என்னமோ பண்ணுது."

கத்த வேண்டும் என்று எழுந்தவளுக்குக் கத்த வரவில்லை. அப்படியே அடைப்பின் முன்னால் உட்கார்ந்து, நீல வளையம் என்றால் என்ன, அது ஏன் ஒன்றும் தெரியாததாக இருக்க வேண்டும் என்று முதல் தடவையாக மாமியாருக்கு ஒழுங்காக எடுத்துச் சொன்னாள். இத்தனை நாள் தெருவுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் வீட்டுக்குள் எடுக்கவில்லை.

பாப்பாத்தி மோவாயில் கைவைத்துக் கேட்டாள். "சும்மா கெடக்கறதுக்கா மூணு கோழிய வெச்சு தீனி போடறோம்?"

"ஆமா அத்தை. அது சும்மா கெடந்தாத்தான் எனக்குப் பட்டம்."

"அப்ப நான்தான் உன் படிப்பைக் கெடுத்தனா?"

வினோதினி இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பாப்பாத்தி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது.

கதையைக் கேட்ட கிருஷ்ணமூர்த்தி சார் முதலில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பூட்டு வாங்கிப் பூட்டு. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "புது நீல முட்டை வேணும். இருக்கறது மூணே வாரம். அதுல ஒண்ணு மாறினாலும் நான் உனக்காகப் பேச முடியாது."

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே சாவிக்குத் திறக்கிற நல்ல பித்தளைப் பூட்டாக இரண்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்து இரண்டு அடைப்பையும் பூட்டினாள். பாப்பாத்தி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். கதவுக்குக்கூடப் பூட்டுப் போடாத வீட்டில் கோழிக்குப் பூட்டு. அவள் முகம் சுருங்கிப்போனதை வினோதினி பார்த்தாள். பார்த்த பிறகு அந்தச் சாவியைக் கைப்பையில் போட அவளால் முடியவில்லை.

"அத்தை, இந்தாங்க. மத்தியானம் தண்ணி வெக்கணும்ல."

பாப்பாத்தி சாவியை வாங்கவில்லை. "உங்க சாரு என்னா சொன்னாரு?"

"பூட்டச் சொன்னாரு. பூட்டிட்டேன்."

சாவியை யாரிடம் வைக்கச் சொன்னார் என்பதை அவள் சொல்லவில்லை. பாப்பாத்தி முந்தானை முனையில் சாவியை முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

இனி கூடையில் ஏதாவது கிடக்க வேண்டும், ஆனால் அது முட்டையாக இருக்கக்கூடாது. வினோதினியின் பார்வை டிவி ஸ்டாண்டின்மேல் போனது. நடராசன் அதைக் கவனித்துவிட்டு, கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது முட்டைன்னு ஒத்துக்க. தரேன்."

"கோழி ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன் மாமா."

அவர் யோசித்தார். பீடி ரகசியம் அவள் கையில் இருந்ததும் அந்த யோசனையில் சேர்த்திதான். கல் நீலக் கூடைக்குப் போனது.

முதல் நாள் கோழிகள் அதைக் கொத்திப் பார்த்தன. இரண்டாம் நாள் ஒன்று அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இறக்கையை விரித்து மூடிக்கொண்டது. நடராசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். "வந்து பாருங்கய்யா. படிச்சவளுக்குத் தெரியாதது கோழிக்குத் தெரிஞ்சிருக்கு." அன்று பொழுதுக்கும் கொல்லையில் ஆள் கூட்டம். கோழி அசையவில்லை. வினோதினி வாக்குத் தவறாமல், "முட்டைதான் மாமா" என்றாள். அவர் அதைச் சரத்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

உட்கார்ந்ததே தவிர, கோழி முட்டையிடவில்லை. தினமும் விடியலில் கூடைக்குள் கைவிட்டால் கல் மட்டும் தட்டுப்பட்டது. ஒருநாள் பாப்பாத்தி சிவப்பு அடைப்புக்கும் நீல அடைப்புக்கும் நடுவில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பதை வினோதினி பார்த்தாள். சிவப்புக் கூடையில் முட்டை கிடந்தது. நீலத்தில் கல் கிடந்தது. மருமகளைக் கண்டதும் பாப்பாத்தி கையை எடுத்து, தலையைச் சொறிவதுபோல் சொறிந்துவிட்டு நகர்ந்தாள்.

அதற்கு மறுநாள் காலை கூடையில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முட்டை இருந்தது.

வினோதினி அதைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் முதலில் வந்தது சந்தோஷமில்லை, சந்தேகம். நேற்று நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. கேட்டுவிடலாம் என்று சமையல்கட்டு வாசல்வரை போனாள். பாப்பாத்தி அடுப்பை ஊதிக்கொண்டு, திரும்பாமலே, "வெச்சிடுச்சா?" என்றாள். "ஆமா அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். சாவியைக் கொடுத்த பிறகு கேட்டால், கொடுத்ததற்கு அர்த்தமில்லை. அடுத்த நாளும் முட்டை வந்தது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முட்டையும் அரியலூர்ப் பள்ளங்களைத் தாண்டும்போது தூக்கைவிட அவள் மனசுதான் அதிகமாகக் குலுங்கியது.

கடைசி வெள்ளிக்கிழமை காலை, கமிட்டி உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தாள் தயாரானது. திருச்சி மேடமும் சாரும் முதுகுக்குப் பின்னால் நிற்க, வினோதினி படம் எடுக்கும் பெட்டிக்குள் தாளை வைத்து மூடினாள். திரையில் முதலில் இடப்பக்கம் தெரிந்தது. சிவப்பு முட்டைகள், வரிசையாகக் கறுப்புக் கோடுகள், மை போட்டு இழுத்த மாதிரி. பிறகு வலப்பக்கம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீலம் எங்கம்மா?" என்றார் மேடம்.

கண்ணைத் திறந்தாள். வலப்பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. ஒரு முட்டைகூடத் தவறவில்லை.

"அதுதான் மேடம் நீலம்," என்று கிருஷ்ணமூர்த்தி சார் சொன்னார். அதற்குப் பிறகு மாமியார் கதையை மேடத்துக்குச் சொல்ல வேண்டி வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தக் கல்லை மறக்காம எழுதிடுங்க" என்றார். கோழிகள் பாஸ். தலைப்பும் பிழைத்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாப்பாத்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்க வேண்டும். வினோதினி போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். பாப்பாத்தி அதைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கறுப்பெல்லாம்?"

"செவப்பு வளையம் அத்தை."

"இந்தப் பக்கம்?"

"நீலம்."

பாப்பாத்தி அந்தப் பக்கத்தை விரலால் தடவினாள். படம் பெரிதானது. பெரிதாகியும் ஒன்றும் இல்லை. அவள் முகம் வெளிறிப்போனது.

"இங்க ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஆமா அத்தை. ஒண்ணுமே இல்ல."

பாப்பாத்தி அவசரமாக முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து மருமகள் கையில் திணித்தாள். "நான் ஒண்ணும் வெக்கலம்மா. அன்னிக்கு ஒருநாள் கைவரைக்கும் வந்துச்சு, இல்லைங்கல. ஆனா வெக்கல. நீ நம்பினாலும் நம்பாட்டியும் வெக்கல."

வினோதினிக்குச் சிரிப்பு முதலில் வந்து, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சாவியைத் திருப்பி மாமியாரின் முந்தானையில் முடிந்துவிட்டு, அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"தெரியுது அத்தை," என்றாள். "நீங்க வெக்கலங்கறதுதான் இங்க தெரியுது."